சருகு கலந்த பஞ்சு

மசினகுடியில் பருத்தி போடச் சொல்லி வீடு வீடாகப் போய் இளவட்டங்களைப் பஞ்செடுக்கும் பயிற்சிக்குக் கூப்பிட்ட பாலாமணி, அறுபது தாண்டிய அழகர்சாமியை மட்டும் இரண்டு தடவை போய் அழைத்தாள். ஓவேலி தேயிலை எஸ்டேட்டில் சூப்பர்வைசராக இருந்தபோது, முற்றிய இலை கலந்திருக்கிறதென்று அவள் கூடையை எல்லோர் முன்னாலும் கவிழ்த்துப் பொறுக்க வைத்த ஆள். மறப்பாளா?

வந்தார். தேயிலை பறிப்பதையே பார்த்து வாழ்ந்தவர், அதே வேகத்தில் இரண்டு கையாலும் பஞ்சைச் சருகோடு பிய்த்துப் பையில் திணித்தார். பாலாமணி பையை வாங்கி, இளவட்டங்கள் பார்க்க மண்ணில் கொட்டினாள்.

"ஏனுங்க சூப்பர்வைசர், ஒரே சருகா இருக்குதுங்க. உக்காந்து பொறுக்குங்க."

"முட்டி மடங்காதும்மா."

"அன்னைக்கு வயித்துல எட்டு மாசப் புள்ளையோட நான் உக்காந்தேனுங்க."