சங்கு ஊதாத காலை

எனக்கு ஏழு வயது. திருவொற்றியூரில் அப்பா துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போவார், அம்மா இறால் உரிக்கப் போவாள். காலையில் வீட்டில் நானும் தூளியில் தம்பியும்தான்.

"ஆலைச் சங்கு ஊதறவரிக்கும் அடுப்ப வுட்டு நவுராத. ஊதுச்சுன்னா சோத்த வடி. அப்பால தூளிய ஆட்டு, இன்னா?" என்று அம்மா தினமும் சொல்லிவிட்டுப் போவாள்.

ஒரு நாள் சங்கு ஊதவே இல்லை. சோறு குழைந்தது, பிறகு தீய்ந்தது. தம்பி அழுதான். நான் விறகைத் தள்ளிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்தாள்.

"இன்னாடி இது! சோறு கருகுது, புள்ள கத்துது, நீ குந்திகினு கீறே?"

"இன்னும் சங்கு ஊதலக்கா."

"அடிப்பாவி! இன்னிக்கி ஆலைல ஸ்ட்ரைக்குடி. எங்கேர்ந்து ஊதும்?"

தெருவில் பல நாள் என்னைச் 'சங்கு' என்றே கூப்பிட்டார்கள். நான் வெளியே தலைகாட்டுவதையே குறைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டு வயதில் கொஞ்சம் தேறினேன். பள்ளிக் கணக்குப் போடும்போது தண்ணீர் பிடிக்கச் சொன்னால், "எட்டாவது கணக்கு, எட்டாவது கணக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டே போவேன். திரும்பி வந்தால் கணக்கு நினைவிருக்கும். குடம்தான் குழாயடியிலேயே நிற்கும்.

எனக்கு இருபது வயதானபோது அப்பாவுக்கு முதுகு போய்விட்டது. தம்பியின் படிப்பு நிற்கும்போல இருந்தது. ஓர் ஆலையில், வேலைக்கு வரும் பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றார்கள், போனேன். காப்பகத்தைக் கவனித்துவந்த அம்மாள், "ஒரு வாரம் பாக்கறேன். கை ஓடலன்னா அனுப்பிடுவேன்" என்றாள்.

யாராவது பார்த்தால் எனக்குக் கை ஓடாது. ஐந்து நாளும் தடுமாறினேன். ஆறாம் நாள் என்னோடு இருந்த ஆயா வரவில்லை. பதினோரு குழந்தைகளோடு நான் தனியாக இருந்தேன்.

ஒரு பையனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். கரி அடுப்பில் பால் பொங்கியது. கிண்ணத்தை வைத்துவிட்டுப் பாலை இறக்கினேன். ஒரு பெண் குழந்தை வாசற்படியில் தவழ்ந்து இறங்கியது. தூக்கி வந்தேன். வழியில் இன்னொன்றுக்கு ஈரத் துணியை மாற்றினேன். கை கழுவிக்கொண்டு பையனிடம் திரும்பினேன். அவனுக்கு மூன்று கரண்டி ஊட்டியிருந்தது நினைவிருந்தது. நான் எதையும் முணுமுணுக்கவில்லை. அந்தப் பழக்கம் எப்போது என்னை விட்டுப் போனது என்று தெரியவில்லை.

நிமிர்ந்தபோது கதவருகே அந்த அம்மாள் நின்றிருந்தாள். கரண்டியைப் பிடித்தபடி அவளையே பார்த்தேன்.

"இன்னாம்மா என்னியே பாக்கறே? புள்ள வாயத் தொறந்துகினு கீது பாரு."

ஊட்டினேன்.

"திங்கக்கிழம நேரத்தோட வந்துடு. புதுசா வர்ற ஆயாவுக்கு நீதான் வேல காட்டணும்."

தலையை ஆட்டினேன். அவள் போனாள். தம்பி அடுத்த வருஷமும் பள்ளிக்குப் போவான். பையன் என் முந்தானையை இழுத்தான். அவனுக்கு இன்னும் பசி.