சீட்டுக் கம்பியை டேப் வைத்து அளந்தவர்கள்

எங்கள் ஊரான ரெங்கத்து ஆட்களுக்கு அந்தக் காலத்தில் மூளை இருந்ததா என்று யாராவது கேட்டால், இருந்தது, ஆனால் அதைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுத்தான் எங்கள் கடைக்கு வருவார்கள் என்று சொல்வேன்.

கடலை அடைத்துக் கோஸ்வே பாதை போட்டு, ரயில் நேராகச் சிங்கப்பூருக்குள் போகத் தொடங்கியிருந்த சமயம். ரப்பர் விலை ஏறிக்கொண்டே இருந்தது. நான் ஒரு ரப்பர் கடையில் கணக்கெழுதும் கிராணி. சின்னத் தோட்டக்காரர்கள் கொண்டுவரும் ரப்பர் ஷீட்டை நிறுத்து வாங்கிக் கிடங்கில் அடுக்குவது கடையின் வேலை. முதலாளி இன்னொரு வியாபாரமும் வைத்திருந்தார். மூன்று மாதம் கழித்துக் கைமாறவேண்டிய ரப்பருக்கு இன்றைக்கே விலை பேசுவது. வாங்குகிறவன் சரக்கைக் கண்ணால்கூடப் பார்க்கமாட்டான். தவணை நாளில் விலை ஏறியிருந்தால் வித்தியாசம் அவனுக்கு வரும். இறங்கியிருந்தால் அவன் கட்டவேண்டும்.

ஒவ்வொரு பேரத்துக்கும் நான் ஒரு சீட்டு எழுதுவேன். மேல் வரியில் வாங்கியவர் பெயர், கீழ் வரியில் விற்றவர் பெயர். எழுதிய சீட்டைக் கூரைச் சட்டத்திலிருந்து தொங்கிய கம்பியில் குத்திவிடுவேன். பேரம் தீர்ந்ததும் உருவிக் கிழித்துப் போடுவேன். ஆகவே கம்பியில் கிடப்பதெல்லாம் இன்னும் முடியாத பேரங்கள். அதற்கு மேல் அதில் ஒரு மண்ணும் இல்லை.

ஆனால் எதிர்த்த காப்பிக்கடைக் கூட்டத்துக்கு அது போதவில்லை. விலை ஏறிய மாதங்களில் கம்பியும் பருத்ததைப் பார்த்துவிட்டார்கள். கம்பி பருத்தால் விலை ஏறும் என்று முடிவு கட்டிவிட்டார்கள். காலையில் வந்து அண்ணாந்து பார்ப்பார்கள், தலையாட்டுவார்கள், போவார்கள். கூட்டத்துக்குத் தலைவர் யார் என்று நினைக்கிறீர்கள்? என் அக்காவின் கணவர். தையற்காரர். கழுத்தில் கிடக்கும் டேப்பை எடுத்து, முக்காலி மேல் ஏறி, கம்பியில் சீட்டு எத்தனை அங்குலம் நிற்கிறது என்று அளப்பார்.

"நேத்து ஒன்பது அங்குலம், இன்னிக்குப் பத்தரை! ஏறுதுலா, வாங்குங்க!"

"அலமாக், பத்தரையா!" என்று நாலு பேர் வாயைப் பிளப்பார்கள். ரவிக்கை அளவு தப்பிப்போய் வாரம் ஒருத்தி சண்டைக்கு வரும் மனுஷன், ரப்பர் சந்தைக்கு அளவு எடுக்கிறார்! தையல் கூலி அவருடைய காப்பிக்கும் சுருட்டுக்கும் சரியாகப் போகும். குடும்பம் சாப்பிட்டது அக்கா பெயரில் எங்கள் அப்பா எழுதிவைத்த இரண்டு ஏக்கர் ரப்பரில்தான்.

பிறகு சிங்கப்பூர்த் தந்தியில் விலை இறங்கத் தொடங்கியது. கம்பி மெலியவில்லை, இன்னும் பருத்தது. அத்தானுக்கு ஒரே குஷி. இது சும்மா ஒரு சறுக்கல், கம்பியைப் பாருங்கள் என்றார்.

எழுதுகிறவன் நான், எனக்குத் தெரியாதா? சீட்டு என்றாலே ஒருவன் வாங்கியிருக்கிறான், ஒருவன் விற்றிருக்கிறான். விலையும் ஏறிக் கம்பியும் பருத்தால், அதிக விலை கொடுத்தாவது உள்ளே நுழையப் புது ஆள் வருகிறான் என்று ஒருவாறு சொல்லலாம். விலை இறங்கும்போது பருத்தால், குறைந்த விலைக்கும் யாரோ சளைக்காமல் விற்றுத் தள்ளுகிறான் என்றுதான் எடுத்துக்கொள்ளவேண்டும். யார் அந்த ஆள் என்று தெரியக் கீழ் வரியைப் படித்தால் போதும். எல்லாச் சீட்டிலும் ஒரே பெயர், எங்கள் முதலாளி பெயர். அவர் யாரையும் ஏமாற்றவில்லை. கிடங்கு நிறையச் சரக்கு வைத்திருந்தார், விலை விழும் என்று நினைத்தார், கேட்டவனுக்கெல்லாம் விற்றார். எழுத்துத் தெரிந்த ஆட்களே பத்துப் பேர் வந்து போனார்கள். தடிமனை அளந்தார்களே தவிர, ஒரு கழுதையும் ஒரு சீட்டை எடுத்துப் படிக்கவில்லை.

ஒரு நாள் அத்தான் முக்காலியில் நின்றபோது நான் எல்லார் முன்னாலும் கேட்டேன். "என்ன அத்தான், கம்பிக்குச் சொக்காய் தைக்கப் போறீங்களா? பட்டன் எத்தனை?"

காப்பிக்கடையே சிரித்தது. அவர் முகம் கறுத்துப்போய் இறங்கினார். "சிரிடா, சிரி. தோட்டத்தை வச்சே வாங்கிக் காட்டறேன்" என்றார்.

வீம்புக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். மறுநாளே தோட்டத்துக் கிராண்ட் பத்திரத்தை எடுத்துக்கொண்டு, அக்காவையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். பெரிய பேரம், ஈடாக இரண்டு ஏக்கர். நான் எழுதினேன். அக்கா என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன். அவருக்கே மண்டையில் ஏறாதது, அடுப்படியை விட்டு நகராத இவளுக்கா ஏறப்போகிறது என்று நினைத்தேன். பட்டுத்தான் திருந்தட்டும் என்றும் நினைத்தேன், பொய் சொல்வானேன்.

தவணை நாளில் விலை அதலபாதாளத்தில் கிடந்தது. தோட்டம் போயிற்று. அத்தான் கூலிக்குத் தைக்க ஸ்கூடாய் ஊர்ப் பக்கம் போய்விட்டார். அக்கா என் வீட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்தாள். அழவில்லை.

"அந்தக் கம்பி விஷயம் என்னடா? எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

சொன்னேன். ஒரு வெற்றிலை போடும் நேரம்கூட ஆகவில்லை.

"வாங்கினது ஊரு பூரா. வித்தது யாரு?"

"முதலாளி."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"கிடங்கு நெறையச் சரக்கு வச்சிருக்கிற மனுஷன், கையில வச்சிருந்தா நஷ்டம்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. இதுக்குப் போய் டேப் எதுக்கு?" நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "உன் தம்பி அந்தக் கடையிலதானே இருக்கான், தப்புன்னா சொல்லமாட்டானான்னு உங்கத்தான் கேட்டாரு. அதனாலதான் கைநாட்டு வச்சேன். நீ பக்கத்துலதானேடா நின்ன?"

அன்றைக்கு அவள் விரலைப் பிடித்து மை தடவியதே நான்தான்.