நாலாவது ஸ்க்ரூ

இது நடந்தது. கதையாக நினைத்துப் படிப்பவர்கள் அப்படியே படிக்கலாம், எனக்கு வருத்தமில்லை. ஆனால் நடந்தது.

எனக்கல்ல, என் மனைவிக்கு. அவளுக்குப் பொய் சொல்ல வராது. வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம், "இன்னிக்கு என் சமையல் வாயில வைக்க முடியாது, பார்த்துச் சாப்பிடுங்க" என்று தானே சொல்லிவிடுகிற ரகம். பத்தொன்பது வருடமாகக் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறாள். மருந்துக் கடைக்கு மேலே, மாடியில் ஒற்றை அறை. ஒரு ஜன்னல், ஒரு நீள மேசை. நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். அவள் இயந்திரத்தைத் திருத்துகிறாள், நான் எழுத்தைத் திருத்துகிறேன், எங்கள் இருவரையும் திருத்தத்தான் ஆளில்லை.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. வேலை முடிந்ததும் ஒரு சின்ன அட்டையில் "கோளாறு" என்றும் "காரணம்" என்றும் இரண்டு வரி எழுதி, கம்ப்யூட்டர் பெட்டியின் கதவுக்கு உள்பக்கம் ஒட்டிவிடுவாள். உள்ளதை உள்ளபடி எழுதுவாள். சொந்தத் தம்பியின் பெட்டியில் "காரணம்: உரிமையாளரின் சோம்பல்" என்று ஒட்டியவள். அவன் ஆறு மாதம் எங்களோடு பேசவில்லை.

பேய் என்றால் நடுராத்திரியில்தான் வரும் என்று நினைக்கிறோம். இது பட்டப்பகலில் நடந்தது. இங்கே வரும் நேரமெல்லாம் அவள் வேலை நோட்டில் குறித்துவைத்தவை. நான் ஒரு நிமிடம்கூடக் கூட்டவில்லை.

முந்தின நாள் மாலை ஒருவர் கறுப்புப் பெட்டி ஒன்றைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு மாடி ஏறி வந்தார். பஸ் மெக்கானிக். ஐம்பது வயதிருக்கும். நகக்கண்ணில் கிரீஸ்.

"பொண்ணு தானே மாட்டினது மேடம்" என்றார். "ஒவ்வொரு பொருளா வாங்கி, ராத்திரி பகலா படிச்சு மாட்டினா. ஆனா ஓடல. மெமரின்னு ஒரு சிவப்பு விளக்கு எரியுது."

"பொண்ணையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே?"

அவர் பெட்டியைப் பார்த்தபடியே சொன்னார். "போயிட்டா மேடம். காய்ச்சல். நாலே நாள்."

என் மனைவி நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

"அதுக்குப் பத்து நாள் முன்னாடி, ஓடலன்னதும் நான் கத்திட்டேன். உனக்கு எதுக்கு இந்த வேலை, ஒண்ணு உருப்படியா செய்யத் தெரியுமான்னு. அவ ஒண்ணும் சொல்லல." பெட்டியைத் தொட்டுக் காட்டினார். "எனக்குத் தெரிஞ்சாகணும். தப்பு யாரோடது? அவளா, பொருளா? உள்ளதைச் சொல்லுங்க."

"உள்ளதைத்தான் சொல்வேன். நீங்க எதையாவது தொட்டீங்களா?"

"நானா? சே. ஒரே ஒரு ஸ்க்ரூ கொஞ்சம் லூசா இருந்துச்சு. அவ மாட்டி முடிச்சதும், அவ வெளியே போயிருந்தப்போ நல்லா இறுக்கி விட்டேன். அவ்வளவுதான்."

கதவு வரை போனவர் திரும்பினார். "அந்தப் பெட்டி ஓரம் கையைக் கிழிச்சிடும், பார்த்து. அவளுக்கும் கிழிச்சிடுச்சு. விரல்ல பிளாஸ்திரி போட்டுக்கிட்டுதான் மாட்டி முடிச்சா."

மறுநாள் காலை 10.20.

பெட்டியைத் திறந்ததுமே அவளுக்குப் பிடித்துப்போயிற்று. வயர்கள் எல்லாம் பின்னல்போல் ஒழுங்காகக் கட்டியிருந்தன. ஸ்விட்சைப் போட்டாள். விசிறிகள் சுற்றின. திரையில் படம் வரவில்லை. போர்டின் ஓரத்தில் மெமரி விளக்கு மட்டும் சிவப்பாக எரிந்தது.

இரண்டு மெமரிகளையும் கழற்றித் தன் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தாள். இரண்டும் நன்றாக ஓடின. ஒன்றை மட்டும் மாற்றி மாற்றிச் செருகினாள். வலப்பக்கத்து இடங்களில் போட்டால் படம் வந்தது. இடப்பக்கம் இரண்டும் செத்துக் கிடந்தன.

பொருள் எல்லாம் தனித்தனியே நன்றாக இருந்தும் சேர்த்தால் ஓடவில்லையென்றால், அவள் முதலில் பார்ப்பது கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸரைத்தான். மெமரியோடு பேசுவது அதுதான். அதன் தலைமேல் சூட்டைத் தணிக்கும் கூலர் உட்கார்ந்திருக்கும். அதை நான்கு மூலைகளில் நான்கு ஸ்க்ரூ பிடித்திருக்கும். நான்கையும் குறுக்கும் நெடுக்குமாக, சமமாக இறுக்க வேண்டும். ஒரு மூலையை மட்டும் ஓங்கி இறுக்கினால் பிராசஸர் இம்மியளவு சாயும். அடியில் இருக்கும் ஊசிகளில் சில தொடாமல் போகும். பாதி மெமரி காணாமல் போய்விடும்.

11.05.

மூன்று ஸ்க்ரூக்கள் இரண்டு விரலுக்கு அசைந்து கொடுத்தன. நாலாவது அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்துத் திருக வேண்டியிருந்தது. அதன் தலை சிதைந்திருந்தது, ஏதோ பெரிய கருவி போட்டு இறுக்கியதுபோல. பள்ளத்தில் கறுப்பாகக் கிரீஸ்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்தப் பெண் சரியாகத்தான் மாட்டியிருக்கிறாள். இறுக்கிக் கெடுத்தது அப்பா. கெடுத்துவிட்டு அவளிடமே கத்தியிருக்கிறார்.

கூலரைத் தூக்கினாள். அடியில், சூட்டைக் கடத்தும் சாம்பல் நிறப் பசை. விரலால் மெதுவாக, ஓரம் வரை தடவியிருந்தது. பசையில் சின்னச் சின்னக் கட்டங்கள். துணிப் பிளாஸ்திரியின் நெசவு. அதைத் துடைக்க என் மனைவிக்கு மனம் வரவில்லை. ஆனாலும் வேலை வேலைதான். பசையைத் துடைத்தாள். லென்ஸ் வைத்து ஊசிகளைப் பார்த்தாள், எல்லாம் நேராக இருந்தன. நடுவில் பட்டாணியளவு புதுப் பசை வைத்து, கூலரை மாட்டி, நான்கு ஸ்க்ரூவையும் கால் சுற்று, கால் சுற்றாக இறுக்கினாள்.

11.40. ஸ்விட்ச். பீப் என்று ஒரே ஒரு சத்தம். இரண்டு மெமரியும் தெரிந்தன. பிழை இருந்தால் சிவப்புக் கோடு காட்டும் மெமரி சோதனையை ஓடவிட்டு, அட்டையை எடுத்தாள்.

"கோளாறு: மெமரி தெரியவில்லை. காரணம்: கூலரின் ஒரு ஸ்க்ரூவை வெளியாள்..."

11.51. திரையில் ஒரு சிவப்புக் கோடு.

இன்னொன்று.

திரை முழுக்கச் சிவப்பு. பிறகு இருட்டு. டப் என்று பெட்டி அணைந்தது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கூலரைத் தொட்டாள். மூன்று ஸ்க்ரூ அசைந்தன. நாலாவது... அசையவில்லை.

'நான்தான் ஏதோ நினைப்பில் இறுக்கிவிட்டேன்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பல்லைக் கடித்துத் திருகிக் கழற்றினாள். கூலரைத் தூக்கினாள்.

அவள் வைத்தது ஒரு பொட்டு. அழுந்தியிருந்தால் வட்டமாகப் பரவியிருக்க வேண்டும். அது விரலால் தடவியிருந்தது. ஓரம் வரை.

அதில் சின்னச் சின்னக் கட்டங்கள்.

அறையில் வேறு யாரும் இல்லை. கதவு சாத்தியிருந்தது. கீழே மருந்துக் கடையில் யாரோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் வழியே நல்ல வெயில். எனக்குப் போன் செய்திருக்கலாம். செய்யவில்லை. "உங்களுக்குச் சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க? எழுத்துப்பிழையா பார்ப்பீங்க?" என்று பின்னால் கேட்டாள். அதுவும் சரிதான்.

மறுபடி துடைத்தாள். மறுபடி பொட்டு வைத்தாள். கால் சுற்று, கால் சுற்று. 12.30க்குப் போட்டாள். ஓடியது. இந்த முறை எதையும் எழுதவில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து, திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது நிமிடம். ஒரு பிழைகூட இல்லை.

1.04. அந்த மனிதருக்கு உள்ளதைச் சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தாள். மணி அடித்தது. அவர் எடுத்தார். பின்னால் இரும்பை அடிக்கும் சத்தம்.

அவள் வாயைத் திறப்பதற்குள்...

கர்ர்ர்ர்...

இரைச்சல். வேறு எதுவும் கேட்கவில்லை. பிறகு போன் துண்டித்துக்கொண்டது. ஒன்பது நொடி என்று காட்டியது.

திரையில் சிவப்பு.

டப்.

மேசைமேல் காலையில் பாதி எழுதிய அட்டை கிடந்தது. "காரணம்" என்ற வரியின்மேல் சாம்பல் நிறத்தில் ஒரு தீற்றல். ஒரு விரல் அகலம். ஈரம்.

கட்டங்கள்.

அவள் கையைப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது.

பயந்துதான் போனாளாம். ஓடிவிடலாமென்றால் கதவு ஆறடி தூரத்தில்தான். ஆனால் அதைவிடப் பெரிதாக ஒரு துக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது என்றாள். எழுதும்போது தடுக்கிறது. அவரிடம் சொல்லப் போகும்போதும் தடுக்கிறது. எதை எழுதவிடவில்லை, யாரிடம் சொல்லவிடவில்லை என்று யோசித்ததும் பயம் போய் அழுகை வந்துவிட்டது.

வெற்று அறையைப் பார்த்துக் கேட்டாள். "அவருக்குத் தெரிய வேண்டாமா?"

பெட்டியின் பக்கம் குனிந்தாள்.

"தெரிஞ்சா தாங்க மாட்டாரா?"

பெட்டி அணைந்ததுமே அவள் பிடுங்கிப்போட்ட பிளக் தரையில் கிடந்தது. அவள் கண்ணெதிரே கூலர் விசிறி மெதுவாக...

அரைச் சுற்று சுற்றி நின்றது.

"சரிம்மா" என்றாள் என் மனைவி. "சொல்லல."

பழைய அட்டையைக் கிழித்தாள். புது அட்டையில் எழுதினாள்: "காரணம்: பொருளில் குறை. யார் மேலும் தவறு இல்லை." பத்தொன்பது வருடத்தில் அவள் எழுதிய முதல் பொய். தலை சிதைந்த அந்த நாலாவது ஸ்க்ரூவை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டு, டப்பாவிலிருந்து வேறொன்றை மாட்டினாள். 2.15க்கு ஸ்விட்ச் போட்டாள். மாலை 6.40 வரை நான்கு முறை முழுச் சோதனை ஓடியது. பிழை: பூஜ்யம்.

ஏழு மணிக்கு அவர் வந்தார். அட்டையை ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்தார்.

"அப்போ அவ சரியாத்தான் மாட்டினாளா?"

"இவ்வளவு நேர்த்தியா மாட்டி நான் பார்த்ததே இல்லண்ணா." இது பொய்யில்லை.

"நானும் ஒண்ணும் கெடுத்துடலையே?"

"இல்லண்ணா." இது இரண்டாவது பொய்.

அவரையே ஸ்விட்சை அழுத்தச் சொன்னாள். பீப் என்றது. அந்தச் சத்தத்துக்கு அவர் உடைந்துபோய் அழுதார். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மத்தியானமே போன்ல சொல்லிட்டீங்க. இருந்தாலும் கண்ணால பார்க்கணும்னு இருந்துச்சு" என்றார். ஏதோ குழப்பத்தில் பேசுகிறார் என்று அவள் விட்டுவிட்டாள்.

எட்டு நாள் கழித்து அவர் மனைவி தனியாக வந்தார். கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார்.

"உங்களுக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?"

"எது?"

"ஆஸ்பத்திரியில எங்கிட்ட மட்டும் சொன்னா. 'அப்பா இறுக்கினதுதாம்மா காரணம். நான் வந்து சரி பண்ணிக்கிறேன். அவருக்குத் தெரிய வேண்டாம். கேட்டா, பொருள்ல குறைன்னு சொல்லிடு'ன்னா. அதுக்கப்புறம் என்னால அந்தப் பேச்சையே எடுக்க முடியல. நீங்க அதே வார்த்தையை எழுதிக் குடுத்திருக்கீங்க."

என் மனைவி நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"இன்னொண்ணு கேக்கணும், தப்பா நினைக்காதீங்க. போன்ல ஏன் அவரை அப்பான்னு கூப்பிட்டீங்க?"

"நானா?"

"அன்னிக்கு மத்தியானம். உங்க நம்பர்லேருந்துதான் வந்துச்சாம். 'ஒண்ணுமில்லப்பா. பொருள்லதான் குறை. யார் மேலயும் தப்பில்ல. நீ சாப்பிட்டியா?'ன்னு கேட்டீங்களாம். பாவம், மேடத்துக்கும் என்னைப் பார்த்தா அப்பா ஞாபகம் வந்துடுச்சு போலன்னு சொல்லிச் சொல்லி மாய்ஞ்சு போறாரு. அவ போனதுலேருந்து சரியா சாப்பிடாத மனுஷன், அன்னிக்குத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டாரு."

என் மனைவி போன் செய்தது 1.04க்கு. ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. பொருளில் குறை என்று எழுதலாமென்று அவளுக்கே அப்போது தோன்றியிருக்கவில்லை. அது அதற்குப் பிறகு வந்த யோசனை.

"ஆமாக்கா" என்றாள். "நான்தான் கூப்பிட்டேன்." அது அவளுடைய மூன்றாவது பொய்.

அந்த ஸ்க்ரூ இப்போதும் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. போனில் அந்த அழைப்பை நானே பார்த்தேன். 1.04, ஒன்பது நொடி. நான் எதையும் சரிபார்க்காமல் விடுகிறவனில்லை. அந்த அம்மா சொன்ன வார்த்தைகளைக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, காய்ச்சலில் கிடக்கும் ஒரு பெண் பேசுவதுபோல் நிதானமாகச் சொல்லிப் பார்த்தேன்.

ஒன்பது நொடி ஆயிற்று.