படகில் ஏறினால் வயலுக்கு ஓட முடியாது

என் வீட்டுக்காரரிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச வேண்டுமென்றால் அவரைத் தண்ணீரில்தான் ஏற்ற வேண்டும் என்று கண்டுபிடித்தவள் என் மகள். வீட்டில் நான் வாயைத் திறந்தால் போதும், "வயலப் பாத்துட்டு வாரேன்" என்று மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். கல்யாணம் ஆன நாள் முதலாக இதே கதைதான். கம்பம் பக்கம் கூடலூரில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

பேச வேண்டிய விஷயம் ஒன்றே ஒன்று. ஐப்பசியில் மடையைத் திறக்கக் குனிந்தவர் அப்படியே சேற்றில் சாய்ந்துவிட்டார். ஆடு மேய்க்க வந்த பெண் பார்த்துக் கூச்சல் போட்டாள், பிழைத்தார். தேனியில் இதயத்துக்கு ஸ்டென்ட் வைத்த டாக்டர், "வயல் வேலையை மறந்துடுங்க" என்றார். இவர் மறந்தது டாக்டரை. பங்காளி ஒருவர் வயலைக் குத்தகைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டாம் போகத்துக்கு நாற்றுப் பாவுவதற்குள் அவருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். இவரோ பிடி கொடுக்கவில்லை. எனக்கு மனுஷர் உயிரோடு வேண்டும், அவ்வளவுதான்.

மார்கழிக் குளிரில் குமுளி ஏறி, கோட்டயம் இறங்கி, ஆலப்புழை போய்ச் சேர்ந்தோம். மகள் பிடித்துக் கொடுத்திருந்த வீட்டுப் படகில் கட்டில், விசிறி, ஓட்டுவதற்கு ஒருவர், சமைப்பதற்கு ஒருவர் என்று எல்லாம் இருந்தது. கால்வாய்களில் படகு ஊர்ந்து போனது. இரு கரையிலும் வீடுகள், வாசற்படியிலேயே பாத்திரம் துலக்கும் பெண்கள், பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும் சின்னப் படகுகள். காலை நீட்டி உட்கார்ந்து, இன்னொருவர் சமைத்துப் போட்ட மீனைச் சாப்பிடுவது எனக்குச் சொர்க்கமாக இருந்தது.

அவருக்கு அதெல்லாம் கண்ணில் படவே இல்லை. ஒவ்வொரு பாலத்துக்கும் படகுக்காரரைத் துளைத்தெடுத்தார். இந்தத் தண்ணி எந்த அணையில இருந்து வருது? முறைத் தண்ணியா? எத்தன நாளைக்கு ஒரு தடவ விடுறாக? படகுக்காரருக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். முறைத் தண்ணீர் என்பதுதான் புரியவில்லை. இந்த ஊரில் தண்ணீருக்கு யார் வரிசையில் நிற்கிறார்கள்?

"ஊர் சுத்த வந்தீகளா, பாசனக் கூட்டத்துக்கு வந்தீகளா?" என்றேன்.

"நீ சும்மா இரு புள்ள. தெரிஞ்சுக்கிறதுல என்ன?"

இராத்திரி ஒரு வரப்போரம் படகைக் கட்டினார்கள். விடிந்ததும் நான் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது கரையில் ஒரே சத்தம். எட்டிப் பார்த்தால், இவர் ஒரு மோட்டார் கொட்டகை முன்னால் நிற்கிறார். எதிரே லுங்கி கட்டிய ஒருவர் கையை விரித்துக்கொண்டு, "எந்தா சேட்டா ஈ காணிச்சே?" என்று, என்ன வேலை பண்ணிவிட்டீர் என்கிற மாதிரி, மலையாளத்தில் கத்துகிறார்.

நடந்தது இதுதான். வயலில் இளம்பயிர். அதிலிருந்து மோட்டார் தண்ணீரை உறிஞ்சிக் கால்வாயில் கொட்டிக்கொண்டிருந்தது. பயிர்த் தண்ணீரை வெளியே கொட்டுவதா! எவனோ குழாயை மாற்றிப் போட்டுவிட்டான் என்று எங்கள் ஆள் விறுவிறுவென்று இறங்கிப் போய் மோட்டாரை நிறுத்திவிட்டார். முறை வைத்துத் தண்ணீர் வாங்கும் கம்பம் பள்ளத்தாக்குக்காரனைத் தவிர வேறு எவனுக்கு இப்படித் தோன்றும்?

மோட்டார்காரர் நல்ல மனிதர். கோபம் தணிந்ததும் இவரை வரப்பின் மேல் நிறுத்திக் காட்டினார். ஒரு பக்கம் கால்வாய்த் தண்ணீர் ததும்பி நிற்கிறது. மறுபக்கம் வயல் ஆளுயரம் கீழே கிடக்கிறது. கசிந்து இறங்குகிற தண்ணீரை மேலே இறைத்துக்கொண்டே இருக்காவிட்டால் பயிர் மூழ்கி அழுகிவிடுமாம்.

"அப்ப இதுக்குக் கீழ வடியிறதுக்கு எடமே இல்லையா?" என்று இவர் கேட்டார்.

"இல்லா," என்றார் அவர்.

எங்கள் பக்கம் மிச்சத் தண்ணீரை நாங்கள் நினைத்தே பார்த்ததில்லை. நம் வயல் நிரம்பினால் அடுத்த வயல், கடைசியில் முல்லையாறு. போக இடம் இல்லாத தண்ணீரை அவர் வாழ்க்கையில் அன்றுதான் பார்த்தார். திரும்பி வந்து கடுங்காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே ஆறவிட்டார்.

பிறகு படகு காயலுக்குள் போனது. கரை கண்ணுக்கு எட்டவில்லை. அவரும் கேள்வி கேட்கவில்லை. எனக்கு அதுவே பயமாக இருந்தது.

மதியம் ஒரு நீளமான தடுப்பின் முன்னால் வந்து சேர்ந்தோம். கடல் உப்பு வயல் பக்கம் ஏறாமல் இருக்க மார்கழியில் அதன் ஷட்டர்களை இறக்கிவிடுவார்களாம். படகுகள் தாண்டிப் போக ஓரத்தில் ஒரு பெரிய தொட்டி போன்ற இடம். உள்ளே நுழைந்ததும் பின்கதவை மூடினார்கள். இரண்டு பக்கத் தண்ணீரும் சமமான பிறகுதான் முன்கதவு திறக்குமாம். படகுக்காரர் எஞ்சினை நிறுத்திவிட்டுப் பீடி குடிக்கப் பின்பக்கம் போனார்.

இருபுறமும் சுவர், முன்னும் பின்னும் கதவு. ஆள் அகப்பட்டார். நாற்காலியை அவர் எதிரே இழுத்துப் போட்டேன்.

"வயலக் குத்தகைக்கு விட்ருவோமாங்க?"

அவர் முன்கதவைப் பார்த்தார். நான் விடவில்லை. டாக்டர் சொன்னது, மகள் அழுதது, எல்லாவற்றையும் கொட்டினேன். "அங்கனயே கெடந்து செத்திருந்தீகன்னா நான் என்ன செஞ்சிருப்பேன்? ஒரு நிமிசம் அத நெனச்சீகளா?" என்னும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது.

"விட்ரலாம் புள்ள," என்றார் சாதாரணமாக. "சாகுறதுக்கு எனக்கும் பயம்தான்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "பெறகு எதுக்கு இம்புட்டு நாளா இழுத்தடிச்சீக?"

"விட்டுட்டு நான் எங்கன போயி இருக்க?"

"ஏன், வீடு இல்லையா?"

"அது ஒன் வீடு. நான் வந்து சாப்பிட்டுட்டுப் போற ஆளு. காப்பித்தூள் எந்த டப்பாவுல இருக்குன்னு கேளு, தெரியாது. ஆஸ்பத்திரியில இருந்து வந்த நாளா நீயும் சொல்லிக்கிட்டுதான் இருக்க. இங்கன நிக்காதீக, அங்கிட்டுத் தள்ளுங்க, கூட்டணும், தொடைக்கணும்னு. எங்கிட்டுத் தள்ள?"

சொல்லியிருப்பேன். கையில் விளக்குமாறு இருக்கும்போது வாயில் வருகிற வார்த்தைதானே அது. இந்த மனுஷருக்கு என்னோடு இருக்கப் பிடிக்காமல்தான் வயலுக்கு ஓடுகிறார் என்று நான் இத்தனை காலம் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தேன். அவர் என்னடாவென்றால், என் வீட்டில் தனக்கு இடம் இல்லையென்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

முன்கதவு மெல்ல நகர்ந்தது. எஞ்சின் மறுபடி உறுமியது. அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துப் பங்காளியைக் கூப்பிட்டார்.

"ஏலே, வயல நீயே செய்யி. கெழக்கு மூல மேடு, தண்ணி ஏறாது, நின்னு பாரு. வரப்புல எலி வள இருக்கு, அடச்சுட்டுப் பாய்ச்சு." இன்னும் ஏதோ சொல்ல வந்தவர், "சரி, வையி" என்று முடித்துக்கொண்டார். அதன்பிறகு இரண்டு கைகளையும் என்ன செய்வதென்று தெரியாதவர்போல மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஊருக்குப் போன மறுநா காலையில நீங்கதான் காப்பி போடணும்," என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "தூள் எங்கன இருக்கு?"

"ஒங்க வீடுதான? தேடி எடுங்க."