அந்த மார்ச் பதினேழு எங்கிருந்து வந்தது?

போன மாரி மழையில் அப்பாவின் கால் உடைந்தது. பொய்க்காலைத்தான் சொல்கிறேன். கிணற்றடியில் பாசி வழுக்கி விழுந்தார். உடம்பில் ஒரு கீறலும் இல்லை, ஆனால் கால் முழங்கால் மூட்டோடு பிளந்துபோனது. "உடையிறது எண்டால் உதுதானே உடைய வேணும்" என்று அவர் தரையில் இருந்தபடியே சிரித்தார். நானும் சிரித்தேன். இரண்டு கிழமைக்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

அன்பானவர்களே, என் பெயர் வசந்தி. நல்லூரில் பிள்ளைகள் பாடம் படிக்க வரும் ஒரு டியூட்டரியில் வரவேற்பில் வேலை பார்க்கிறேன். அம்மா இறந்த பிறகு அப்பாவும் நானும்தான். அப்பாவின் பெயர் தங்கராசா, வயது எண்பதைத் தாண்டிவிட்டது. இளம் வயதில் அவர் பட்டாளத்தில் லொறிச் சாரதியாக இருந்தார். ஒரு நவம்பர் மாத மழையில் மலைப்பாதையில் சாமான் ஏற்றிப் போகும்போது லொறி புரண்டது. வலது காலைப் பாதித் தொடைக்கு மேலாக எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் அவரை விலக்கி, சான்றிதழை ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு அனுப்பினார்கள். அது அவருக்குச் சரியாக வாசிக்கத் தெரியாத சிங்களத்தில் இருந்தது. தன் பெயரும் இலக்கமும் சரி என்று பார்த்துவிட்டு மடித்து வைத்தார். பிறகு சண்டைக் காலம் வந்தது. பட்டாளத்தில் இருந்தவர் என்று இங்கே யாரும் வாய் திறக்க முடியாது. அந்தத் தாள் பொலித்தீனில் சுற்றி ஓட்டுக்குக் கீழே கிடந்தது. பத்து இடம் ஓடியபோதும் அப்பா அதை விடவில்லை. ஆனால் யாரிடமும் வாசிக்கக் கொடுக்கவும் இல்லை.

இங்கே செய்து தந்த புதிய கால் அவருக்குப் பொருந்தவில்லை. மிஞ்சியிருக்கும் தொடை மிகவும் குட்டை. இரண்டு நாள் போட்டதும் புண்ணாகி நீர் வடிந்தது. இப்படிப்பட்டவர்களுக்கென்று தெற்கில் ஒரு இடத்தில் அளவெடுத்துச் செய்வார்கள், சேவையில் இருக்கும்போது காயப்பட்டவர்களுக்கு மட்டும் என்று டாக்டர் சொன்னார். ஓட்டுக்குள் இருந்த தாளை முதல் தடவையாக வெளியே எடுத்தோம். பஸ்ஸில் அப்பாவைத் தூக்கி ஏற்றிக்கொண்டு, அதற்கு விண்ணப்பம் எடுக்கும் இங்குள்ள கந்தோருக்குப் போனேன்.

அங்கே இருந்த அதிகாரி நல்ல மனிதர். தமிழும் தெரியும். தாளை வாசித்தார், திரும்ப வாசித்தார். பிறகு என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "தங்கச்சி, இதிலே மார்ச் பதினேழாம் திகதி விலகியதாக இருக்கிறது. நீங்கள் சொல்லும் விபத்து அந்த வருடம் நவம்பர். விலகின பிறகு நடந்த விபத்துக்கு நாங்கள் எப்படிப் பொறுப்பெடுப்பது?" தெற்குக்குத் தொலைபேசி எடுத்துப் பழைய கோப்பைத் தேடிப் பார்த்தார்கள். அப்பாவின் இலக்கத்தில் இருந்த கோப்பில் விபத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

அப்பாவுக்கு முகம் செத்துப்போனது. "அப்ப நான் பொய் சொல்லுறன் எண்டோ ஐயா?" என்று கேட்டார். அதிகாரி தாளை மடித்து அப்பாவின் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

அன்று முதல் அப்பா வீட்டுக்குள் அரக்கி அரக்கித்தான் திரிந்தார். ஊன்றுதடி பிடித்து எழும்பத் தோளில் பலமில்லை. கோவிலுக்கு வர மறுத்துவிட்டார். யாராவது படலையைத் திறக்கும் சத்தம் கேட்டால் உள்ளறைக்குள் போய்விடுவார். "ஆரும் வந்தால் நான் நித்திரை எண்டு சொல்லு பிள்ளை" என்பார். நான் கொஞ்சநஞ்சமல்ல, நன்றாக அழுதேன். என்னைப் பெற்று வளர்த்த மனிதன் சீமெந்துத் தரையில் கையூன்றி நகர்வதைப் பார்த்துக்கொண்டு சமைக்க முடியுமா? ஆண்டவரே, ஒரு அற்புதம் செய்யும் என்று ஜெபித்தேன். கால் வளரச் செய்யும் என்றுகூடக் கேட்டிருக்கிறேன், வெட்கமில்லாமல். ஒன்றும் நடக்கவில்லை.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் சின்ன வயதிலிருந்தே ஒரு விடயம் விளங்காவிட்டால் விடமாட்டேன். அம்மா என்னை "துளாவி" என்றுதான் கூப்பிடுவார். அழுகை ஓய்ந்த ஒரு காலையில், தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருக்கும்போது மனதில் ஒரு கேள்வி வந்தது. பிழை என்றால் பிழை, சரி. ஆனால் ஏன் மார்ச் பதினேழு? நவம்பரை மார்ச் என்று யாரும் கை தவறி அடிக்க மாட்டார்கள். அந்தத் திகதி எங்கேயோ இருந்துதானே வந்திருக்க வேண்டும். அந்த நாளில் யாருக்கோ என்னவோ நடந்திருக்க வேண்டும்.

அன்று முதல் என் ஜெபம் மாறியது. "ஆண்டவரே, காலைக்கூடப் பிறகு பாப்பம். இந்தத் திகதி எங்கயிருந்து வந்தது எண்டு எனக்குச் சொல்லும்." இதைத்தான் காலையும் மாலையும் கேட்டேன். எங்கள் போதகரின் மனைவி கமலா அக்காவிடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார்.

"ஆண்டவரிட்டை சுகம் கேப்பினம், வேலை கேப்பினம். நீ திகதி கேக்கிறாய்."

"கேட்டால் என்ன குறைஞ்சு போகும் அக்கா?"

"ஒண்டும் குறையாது. கேள், கேள். நானும் சேர்ந்து கேக்கிறன்."

அப்பாவையும் விடவில்லை. அந்த மார்ச்சில் எந்த முகாமில் இருந்தீர்கள், என்ன வேலை, யாருக்காவது சண்டையா, வருத்தமா, லீவில் வந்தீர்களா என்று தோண்டித் தோண்டிக் கேட்டேன். "ஒண்டும் நடக்கேல்லை. விடிய லொறி, பின்னேரம் லொறி. உன்ரை வாய்க்கு ஒரு பூட்டுப் போட ஆளில்லாமல் போச்சு" என்று ஏசினார். ஆனால் ஏசுவதற்காகவாவது என்னோடு கதைத்தார் என்பது எனக்குச் சந்தோசம்.

மார்ச் மாதம் வந்தது. பதினெட்டாம் திகதி மானிப்பாயில் ஒரு வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம், துணைக்கு வா என்று கமலா அக்கா கூப்பிட்டார். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் இது வழக்கம். ஒரு ஆபத்திலிருந்து ஆண்டவர் காப்பாற்றினால், அந்த நாளை வருடாவருடம் மறக்காமல் வைத்து, சபையாரைக் கூப்பிட்டுப் பாட்டுப்பாடி, ஜெபித்து, கடைசியில் றோல்சும் கேக்கும் கொடுப்பார்கள். எனக்கு அந்த வீட்டாரைத் தெரியாது. வேலை முடிந்த களைப்பு வேறு. அக்காவுக்காகத்தான் பஸ் ஏறினேன்.

பாட்டு முடிந்தது. வழக்கப்படி வீட்டுத் தலைவர் எதற்காக இந்த ஸ்தோத்திரம் என்று சொல்ல வேண்டும். நெடிய, மெலிந்த ஒரு ஐயா கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். "எனக்கு அப்ப இருபத்தைஞ்சு வயது. பட்டாளத்திலை இருந்து விலகி, கை கால் சுகமாய் இந்த வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்த நாள் இது. என்ரை அம்மா அண்டைக்கு வைச்ச பொருத்தனையைத்தான் இண்டைக்கும் செய்யிறம்" என்றார்.

பட்டாளம் என்றதும் நிமிர்ந்தேன். பதினெட்டு என்று மனது கணக்குப் போட்டது. ஒரு நாள் இடிக்கிறதே என்றும் பட்டது. எல்லாரும் கண்ணை மூடி ஜெபத்துக்குத் தலை குனிய, நான் மட்டும் எழும்பி நின்றேன். கமலா அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். நான் திரும்பக் கதிரையில் இருக்கவில்லை.

"ஐயா, குறை நினையாதேங்கோ. நீங்கள் விலகின திகதி எது?"

"பதினேழு பிள்ளை. கடுதாசியை வாங்கிக்கொண்டு அண்டு பின்னேரமே மெயில் ரயில் ஏறினனான். விடிய இங்கை வந்திட்டன்."

எந்த வருடம் என்று கேட்டேன். அதே வருடம். முழுப்பெயர் என்ன என்று கேட்டேன்.

"ஞானமுத்து சின்னத்துரை."

என் அப்பா ஞானமுத்து தங்கராசா. இரண்டு பேருக்கும் சொந்தம் ஒன்றும் இல்லை, இரண்டு தகப்பன்மாருக்கும் ஒரே பெயர், அவ்வளவுதான். நாங்கள் தகப்பன் பெயரை முன்னுக்குப் போட்டு, பின்னுக்கு வரும் சொந்தப் பெயரால்தான் ஒருவரை ஒருவர் கூப்பிடுவோம். முகாமில் மற்றவர்களுக்கு அந்த வழக்கம் தெரியாது. முன்னுக்கு இருப்பதுதான் ஆளின் பெயர் என்று எடுத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு இருவருமே ஞானமுத்து.

ஐயா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "என்னை உயர்ந்த ஞானமுத்து எண்டுவாங்கள். கட்டை ஞானமுத்து எண்டு ஒருத்தனும் இருந்தவன், லொறி ஓடினவன். ரெண்டு பேரும் ஒரே நாள் ஒரே வரிசையிலை நிண்டு சேர்ந்தனாங்கள். என்ரை இலக்கத்துக்கு அடுத்த இலக்கம் அவன்ரை. அவன் இப்ப உயிரோடை இருக்கிறானோ தெரியாது."

"இருக்கிறார் ஐயா. அவர் என்ரை அப்பா" என்றேன். அந்தக் கூட்டத்தில் அன்று யாரும் ஒழுங்காக ஜெபிக்கவில்லை, கமலா அக்கா எங்கள் கதையைச் சொல்ல, எல்லாரும் என்னைச் சுற்றி நின்று அழுதார்கள்.

அடுத்த நாள் சின்னத்துரை ஐயா தன் சான்றிதழோடு ஓட்டோவில் எங்கள் வீட்டுக்கு வந்தார். படலைச் சத்தம் கேட்டு அப்பா உள்ளே அரக்கப் பார்த்தார். "எட தங்கராசா" என்று குரல் கேட்டதும் நகர்வதை விட்டுவிட்டு வாசல் பக்கம் திரும்பினார். ஐயாவுக்கு முழங்கால் மடங்காது. ஆனாலும் சுவரைப் பிடித்து, முனகி முனகி, அப்பாவுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார். "உன்னை நான் சின்னத்துரை எண்டுதானேயடா நினைச்சுக்கொண்டிருந்தனான். நீயும் ஞானமுத்து எண்டது மறந்தே போச்சு" என்று அப்பா சொன்னார். நான் தேத்தண்ணி போடும் சாட்டில் குசினிக்குள் போய் ஸ்தோத்திரம் சொன்னேன்.

என் துளாவிப் புத்தி அதோடு நிற்கவில்லை. சின்னத்துரை ஐயா விலகின தாள் அப்பாவின் கோப்புக்குள் போய், அந்தத் திகதி எங்களிடம் வந்திருந்தால், அப்பாவின் விபத்துக் கடதாசிகள் எங்கே போயிருக்கும்? சமாதான நீதவானிடம் போய் இரண்டு பேரும் சத்தியக்கடதாசி கொடுத்தார்கள். அதோடு நான் ஒரு வேண்டுகோள் எழுதினேன்: தயவுசெய்து மற்ற ஞானமுத்துவின் கோப்பைத் திறந்து பாருங்கள். அந்த நல்ல அதிகாரி அதைத் தெற்குக்கு அனுப்பிவைத்தார். காத்திருந்த நாட்களில் எனக்குப் பயம் வராமல் இல்லை. கோப்பைக் கறையான் தின்றிருந்தால் என்ன செய்வது? ஆனால் இந்த அளவுக்குக் காட்டினவர் பாதியில் கைவிட மாட்டார் என்று பிடித்துக்கொண்டேன்.

தொலைபேசி வந்தது. சுகமாக வீடு போய்ச் சேர்ந்த மனிதரின் கோப்புக்குள் லொறி விபத்து, ஆஸ்பத்திரி, கால் எடுத்த சத்திரசிகிச்சை எல்லாம் இருந்தன. இத்தனை வருடம் யாரும் திறக்கவில்லை. அந்த நாளில் அதை மாற்றி வைத்தவர் யாரோ, எனக்கு அவர்மேல் கோபமில்லை. ஒரு தடவை பார்த்து, எப்படி ஐயா நடந்தது என்று கேட்க மட்டும் ஆசை.

திருத்திய சான்றிதழை வாங்கப் போனபோது அப்பா அதிகாரியிடம், "திகதியை ஒருக்கால் வாசியுங்கோ" என்றார். அவர் வாசித்தார். "இன்னொருக்கால்" என்றார் அப்பா. அவர் எழும்பி நின்று வாசித்தார்.

கால் செய்து முடிய ஆவணி மாதமாகிவிட்டது. புண்ணில்லை, வலியில்லை. கேள்வி கேட்பது விசுவாசக் குறைவு என்று நான் முன்பு நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைப்பதில்லை. உங்களுக்கும் விளங்காத ஒரு காரியம் இருக்கலாம். வாய்க்குள் வைத்துக் கொள்ளாதீர்கள். விளங்காததை விளங்கவில்லை என்றே அவரிடம் சொல்லிக் கேளுங்கள். அவர் கோபிக்க மாட்டார்.

நேற்று வேலை முடிந்து வரும்போது நன்றாக இருட்டிவிட்டது. அப்பா வீதியோரம் வந்து நின்றுகொண்டிருந்தார். "இவ்வளவு நேரமும் எங்கை போனனி? எத்தினை தரம் வந்து வந்து பாத்திட்டுப் போனனான் தெரியுமே?" என்று ஏசினார். நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, அவர் ஏசி முடியும்வரை கேட்டுக்கொண்டு நின்றேன்.