வெள்ளம் என்று கூப்பிட்டார்கள்

பேய் பார்த்தேன் என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குக் கொட்டாவி வரும். எங்கள் கொச்சி மட்டாஞ்சேரியில் அப்படிப்பட்ட ஆட்களுக்குப் பஞ்சமே கிடையாது, மிளகு குடோன் ஒன்று விடாமல் ஒவ்வொன்றிலும் ஒரு யட்சியைக் குடிவைத்திருக்கிறார்கள், அத்தனையும் வெள்ளைப் புடவை, அத்தனையும் சுண்ணாம்பு கேட்கும், அதுகளுக்கு வேறு பிழைப்பு இல்லை போல. நான் கார்ப்பரேஷனில் சாக்கடை அடைப்புப் புகார் எழுதி வாங்குகிறவன். ஆவியெல்லாம் என் மேசைக்கு வந்தால் படிவம் நிரப்பித்தான் உள்ளே வர முடியும். அதனால் இதைப் படிக்கும்போது உங்கள் உதடு கோணுகிறது என்றால் தாராளமாகக் கோணட்டும். உங்கள் இடத்தில் நான் இருந்தால் இன்னும் அசிங்கமாகச் சிரித்திருப்பேன்.

ரெண்டாயிரத்து மூணோ நாலோ இருக்கும். பள்ளுருத்தி நௌஷாத் என் பழைய சிநேகிதன், ஜீப் வைத்து வெள்ளைக்காரர்களை ஊர் சுற்றிக் காட்டுகிறவன். மழைக்காலத்தில் அவனுக்கு வேலை இல்லை. மழையைப் பார்த்துப் பார்த்து வெறுத்துப்போய், மழையே பெய்யாத ஊர் ஒன்றைக் கண்ணால் பார்க்கணும், ஜீப்பிலேயே ராஜஸ்தான் பாலைவனத்துக்குப் போவோம் என்றான். நானும் லீவு எழுதிக் கொடுத்தேன். வண்டி அவன் பொறுப்பு, வரைபடம் என் பொறுப்பு. அங்கேதான் எனக்குத் தலைக்கனம் ஏறியது.

எறணாகுளம் புத்தகக் கடையில் பளபளவென்று மடிப்பு மேப் ஒன்று கொடுத்தார்கள். மூன்று விரல் இடைவெளிக்கு ஒரு ஒட்டகம், ஒட்டகம் இல்லாத இடத்தில் மீசைக்காரர். நடுவில் சிவப்பாக ஒரே ஒரு ரோடு. நௌஷாதுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது, ஒட்டகம் பார்த்தால் பிடிக்கிற வயசு. பெரிய அட்லஸ் ஒன்றையும் புரட்டினேன், அதில் மொத்தப் பாலைவனமும் கருகிய தோசை அளவுக்கு இருந்தது. இரண்டையும் ஒதுக்கிவிட்டு, மட்டாஞ்சேரியில் யூதர்கள் இருந்த ஜூ டவுன் தெருவுக்குப் போனேன். அங்கே பழம்பொருள் கடைச் சேட்டன் ஒருவர், பழைய சர்வே வரைபடத் தாள்களைக் கண்ணாடிச் சட்டம் போட்டு விற்பவர். சட்டம் போடாத கட்டு ஒன்று மூலையில் கிடந்தது. இரண்டு சனிக்கிழமை தரையில் உட்கார்ந்து தும்மித் தும்மிப் பொறுக்கினேன். ஐயா, அது வரைபடம்! ஒவ்வொரு மணல்மேடு, மாட்டுத்தடம், வறண்ட ஆறு, கிணறு இருந்தால் குட்டியாக நீல வட்டம். கொசுவுக்குக்கூட அதில் கதவு எண் இருக்கும்.

தாள் பழசு, மணல் இடம் மாறியிருக்கும், கூடவே புதுசு ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள் என்று சேட்டன் மரியாதையாகத்தான் சொன்னார். மணல் நடக்கலாம் சேட்டா, கிணறு எழுந்து நடக்குமா என்று கேட்டேன். நான்கு தாளைச் சுருட்டிக்கொண்டு வந்தேன். ஒட்டக மேப்பை வாங்கவே விடவில்லை.

ராஜஸ்தானில் பார்மேர் டவுன் தாண்டி மூன்றாம் நாள், தார் ரோட்டை விட்டு வெகுதூரம் உள்ளே போன பிறகு, ஜீப் ரேடியேட்டர் ஒழுக ஆரம்பித்தது. கேனில் இருந்ததை எல்லாம் அது குடித்தது. பிறகு எங்கள் குடிதண்ணீரையும் குடித்தது. பதினோரு மணி வெயில், சுற்றிலும் ஒரு ஜீவன் இல்லை. நௌஷாதுக்கு உதடு வெடித்து ரத்தம் எட்டிப் பார்த்தது, பேச்சு குறைந்துவிட்டது. அவன் பேசாமல் இருக்கிறான் என்றால் நிலைமை எவ்வளவு மோசம் என்று அவனைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். நான் மட்டும் கலங்காமல் தாளை விரித்தேன். இதோ நீல வட்டம், வறண்ட ஆற்றின் நடுவிலேயே.

போனோம். நம்புங்கள், கிணறு இருந்தது! ஆற்று மணலில் ஜீப்பை நிறுத்திவிட்டு, ஒட்டக மேப் காட்டியிருக்குமா இதை என்று கேட்டுக்கொண்டே எட்டிப் பார்த்தேன். உள்ளே செத்துப்போன முள்செடி ஒன்று. நௌஷாத் என் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னான். அதில் நியாயம் இருந்தது.

அப்போதுதான் இடது கரை மேலிருந்து குரல் வந்தது. "வெள்ளம்! வெள்ளம்!"

ஆம்பிளைக் குரல். கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் எரிச்சல். இங்கே ஒரு விஷயம் சொல்லணும். மூன்று தலைமுறையாகக் கொச்சியில் இருக்கிற எங்கள் வீட்டுத் தமிழில் வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர், மலையாளத்தில் இருக்கிற மாதிரியே. ஊரை அடித்துக்கொண்டு போகும் வெள்ளம் என்பதெல்லாம் தமிழ்நாட்டுச் சொந்தக்காரர்கள் பேசுவது. ஆகவே எனக்கும் நௌஷாதுக்கும் ஒரே அர்த்தம்தான் பட்டது. மேலே புண்ணியவான் ஒருவன் தண்ணீர் வைத்திருக்கிறான்.

"எடா, மேலே ஆளுண்டு," என்றான் நௌஷாத்.

ஒன்றரை ஆள் உயரக் கரை. இதோ வர்றோம், கொட்டிடாதீங்க என்று கத்திக்கொண்டே வேரைப் பிடித்து, மண்ணைப் பிடித்து, ஒரு கட்டத்தில் நௌஷாத் என் பெல்ட்டைப் பிடித்து, எப்படியோ ஏறிவிட்டோம். மேலே யாரும் இல்லை. குடிசை இல்லை, ஒளிய ஒரு புதர் இல்லை. மணலில் எங்கள் காலடியைத் தவிர வேறு காலடி இல்லை. யாருடா அது என்று நான் திட்ட வாயெடுத்தபோது, கீழே லாரியில் ஜல்லி கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. ஆற்று வளைவில் பழுப்பு நிறத் தண்ணீர் சுவராக வந்தது. தலைக்கு மேல் ஒரு மேகம்கூட இல்லை. ஜீப்பைத் தூக்கிக் குறுக்கே திருப்பி, நான்கு தாளோடும் கொண்டுபோயிற்று.

என் வீரத்தையும் கேளுங்கள். ஆபத்து கடந்த பிறகு, கரையில் பத்திரமாக நின்றபிறகு, நான் ஓடினேன். தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டு, போதாமல் நௌஷாதின் சாமியையும் கடன் வாங்கிக் கூப்பிட்டு, மணல்மேட்டில் நாலுகாலில் ஏறினேன். என் பேண்ட்டின் கதியை அவன் இன்றும் சாயாக்கடையில் விளக்கிக்கொண்டிருக்கிறான்.

சாயங்காலம் ஆடு மேய்க்கிறவர்கள் எங்களைக் கண்டு தண்ணீர் கொடுத்தார்கள். எங்கேயோ தூரத்தில் மழை பெய்திருக்கும், இங்கே அப்படித்தான் வரும் என்று சைகையில் சொன்னார்கள். குரலுக்கும் நான் ஒரு கணக்குச் சொன்னேன். திருச்செங்கோட்டு போர்வெல் லாரிகள் போகாத ஊர் உண்டா, எவனோ தமிழ் டிரைவர் எச்சரித்துவிட்டுப் போயிருப்பான். ஒழுங்கான தமிழ் தெரிந்தவர்களாக நாங்கள் இருந்திருந்தால், இந்த வெயிலில் வெள்ளமாம் என்று சிரித்துக்கொண்டு அங்கேயே நின்றிருப்போம், எங்கள் கொச்சைத் தமிழ்தான் காப்பாற்றியது என்று ஆபீஸில் பிரசங்கமே செய்தேன். அந்தப் பக்கம் எந்த லாரியும் வரவில்லை என்று ஆடு மேய்க்கிறவர்கள் சொன்னதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டு வருஷம் கழித்து என் அக்கா மகள் கல்யாணம். அந்த சிடியை வீட்டில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம், நௌஷாதும் இருந்தான். சத்யை விருந்து, இலை வரிசை, பப்படம், எல்லாரும் மென்றுகொண்டிருக்கிறார்கள். திடீரென்று டிவியிலிருந்து: "வெள்ளம்! வெள்ளம்!"

நௌஷாத் கிளாஸைக் கீழே வைத்தான். நான் பிரம்பு நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டிருந்தேன். எப்போது ஏறினேன் என்று தெரியாது.

என் மனைவி சிரித்தாள். "உங்க குரலுக்கே பயந்தா எப்படி?"

ஒருத்தனுக்குத் தன் குரல் வெளியே எப்படிக் கேட்கும் என்று தெரியாது பாருங்கள். நான் அதுவரை கேட்டதே இல்லை. அதே கரகரப்பு, அதே எரிச்சல். நௌஷாத் மெதுவாகச் சொன்னான். "இதுதன்னெ. அன்னு கேட்டது."

அவன் எழுந்து போய்விட்டான், அந்த சிடியை மறுபடி பார்க்கவே மாட்டேன் என்கிறான், கோழை. நான் பார்த்தேன். பந்தியில் அந்தக் குரல் வருகிற நேரத்தில் நான் தூண் பக்கத்தில் நிற்கிறேன், வாய் நிறைய நேந்திரங்காய் வறுவல், உதடு மூடியிருக்கிறது. சத்தம் நகர்ந்திருக்கும் என்றார் வீடியோக்காரர். மற்ற எல்லார் வாயும் சரியாகத்தான் அசைகிறது. குரல் வந்ததும், படத்தில் இருக்கிற நானும், யார் கூப்பிட்டது என்று திரும்பிப் பார்க்கிறேன்.