மாதா வண்டிக்கு முன்னால் ரோசல்பினா

ரோசல்பினாவை அழகி என்று யாரும் சொன்னதில்லை, நானும் சொல்லப்போவதில்லை. குட்டை. தோள் இரண்டும் ஆம்பளைத் தோள். சிரித்தால் மேல்வரிசையில் ஒரு பல் இருக்காது. ஆனாலும் எங்கள் ரின்கோன் கிராமத்தில் வீட்டுக்கு வீடு அவள் முகத்தில்தான் விழிக்கிறோம். பால் வண்டியில் வருகிறவள் அவள். காம்போ எலியாஸ் ஓட்டுவான், இவள் பின்படியில் தொங்கிக்கொண்டு வருவாள். வாசலுக்கு வாசல் குதித்து இறங்கி, நாங்கள் கறந்து வெளியே வைத்திருக்கும் கேனைத் திறந்து மோந்து பார்த்து, வண்டித் தொட்டியில் ஊற்றிவிட்டுக் காலிக் கேனைத் திருப்பி வைப்பாள். அவளுடைய தம்பி செய்த வேலை அது. அவன் தலைநகர் போகோட்டாவுக்கு ஓடிப்போனான், கேனை இவள் பிடித்துக்கொண்டாள்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன்டி என்று ஒருதடவை கேட்டேன். மூத்தவள் என்று என்னைத் தோன்யா போட்டுத்தான் கூப்பிடுவாள்.

"கேன் தூக்குற கையால ஒருத்தனையும் தூக்கிப் பாத்தேன், தோன்யா துலியா. உள்ள ஒண்ணுமே இல்ல, காலி."

அவளுக்கு இருந்த ஒரே பைத்தியம் ஓட்டம். ஜூலையில் கார்மேல் மாதா திருநாள். டிரைவர்களுக்கெல்லாம் அந்த மாதாதானே காவல். அன்று காலை டவுனில் ஐந்து கிலோமீட்டர் ஓட்டம் வைப்பார்கள். கோயில் சதுக்கத்தில் கிளம்பி, இறக்கத்தில் பெட்ரோல் பங்க் வரை போய், திரும்பி மேடேறிச் சதுக்கத்துக்கே வரவேண்டும். அங்கே காற்றடைத்த வளைவு ஒன்று நிற்கும். அதற்கடியில் யார் நுழைந்தாலும் துணிக்கடை மிசாயெல் மைக்கில் பேரையும் ஊரையும் சொல்லுவான். முதலில் வருகிறவனுக்கும் சொல்லுவான், நொண்டிக்கொண்டு வருகிறவனுக்கும் சொல்லுவான்.

ரோசல்பினாவுக்கு மட்டும் சொன்னதே இல்லை. காரணம் இதுதான். பெட்ரோல் பங்கில் லாரி, பஸ், டிராக்டர் எல்லாம் பூவும் பலூனும் கட்டிக்கொண்டு காத்து நிற்கும். கோயில் பாதிரியார், எங்கள் பங்குச் சாமி, தீர்த்தம் தெளித்ததும், மாதா சுரூபம் ஏற்றிய வண்டி முன்னால் போக, பவனி அதே மேட்டில் ஏறும். மெதுவாகத்தான் ஏறும். ரோசல்பினா அதைவிட மெதுவாக ஏறுவாள். மாதா பக்கத்தில் வந்துவிட்டால் எங்கள் ஆட்கள் ஓரமாக ஒதுங்கி முட்டி போடுவார்கள். அவளும் போடுவாள். மாதா தாண்டியதும் எழுந்துவிடலாம்தான். ஆனால் பின்னால் வருகிற ஒவ்வொரு வண்டியிலும் ஒரு குட்டி மாதா இருக்கிறாளே! கடைசி மோட்டார் சைக்கிள் போகும்வரை சாக்கடை ஓரத்தில் முட்டிதான். அதற்கப்புறம் போய்ச் சேர்ந்தால் வளைவில் காற்றைப் பிடுங்கியிருப்பார்கள், மைக் சாமி கையில் இருக்கும். டவுன்காரர்கள் அவளுக்கு 'கடைசி' என்றே பேர் வைத்துவிட்டார்கள். கடைசி வந்தாச்சா, கடையைச் சாத்தலாமா என்று கேட்பார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள்.

போன திருநாள் முடிந்து மறுநாள் என் வாசலில் கேனை வைத்துவிட்டு நகராமல் நின்றாள்.

"ஒரே ஒரு தடவை, தோன்யா. மைக்ல என் பேரு வர்றத நான் என் காதால கேக்கணும்."

"செத்துப்போ. பூசையில படிப்பாங்க."

"அப்ப எனக்கு எப்படிக் கேக்கும்?"

காலிக் கேனை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

வேகமாக ஓடப் பழகுகிறேன் என்று அவள் செய்த முதல் காரியம் படுமுட்டாள்தனம். ஞாயிற்றுக்கிழமையானால் மலைமேல் புல்வெளிக்கு ஓடினாள். ஒரு வாரம் சிலுவை வரைக்கும், அடுத்த வாரம் ஏரி வரைக்கும், அதற்கடுத்த வாரம் ஏரிக்கு அந்தப்பக்கம். தூரம் கூடியது. வேகம் கூடவில்லை. நாள் முழுக்க ஓடுவாள், ஆனால் வழியில் என் வீட்டுக் கிழட்டு நாய் அவளைத் தாண்டிக்கொண்டு போகும்.

மாறியது தற்செயலாகத்தான். ஒருநாள் பக்கத்து வீட்டு ஃப்ளோர் ஆல்பாவின் வாசலில் நின்று ரோசல்பினா வாயடித்துக்கொண்டிருந்தாள். காம்போ எலியாஸ் அரைத் தூக்கத்தில் இருந்தான். இவள் ஏறிவிட்டாள் என்று நினைத்து வண்டியை எடுத்துவிட்டான். ரப்பர் பூட்ஸ் காலோடு, "டேய் குருட்டுப்பயலே, நில்லுடா!" என்று கத்திக்கொண்டு துரத்தினாள். என் வாசலில் நின்றிருந்த நான் பார்த்தேன். செத்துப்போன என் புருஷன் பிளினியோ பொரித்த பன்றிக்கறி வாசனைக்குக்கூட அந்த வேகத்தில் வந்ததில்லை. வந்து என் கேன்மேல் கையை ஊன்றி, மூச்சு வாங்கி, அவனை நாலு வார்த்தை திட்டினாள். திட்டி முடித்தபின் அவள் முகம் மாறியது.

"தோன்யா, இப்ப நானா ஓடுனேன்?"

"பின்ன, நானா?"

மறுநாளிலிருந்து படியில் ஏறுவதை விட்டுவிட்டாள். ஒரு வாசலில் பாலை ஊற்றியதும் முன்னால் ஓடுவாள். காம்போ எலியாஸ் பின்னால் வண்டியைக் கிளப்புவான். அடுத்த வாசலுக்கு அவன் முந்துவதற்குள் இவள் போய்ச் சேரவேண்டும். போய்க் கேனைத் தூக்கி ஊற்றுகிற நேரம்தான் ஓய்வு. மறுபடி ஓட்டம். முதல் வாரம் ஓடி முடித்துவிட்டுக் கழனித்தொட்டி பக்கம் வாந்தியெடுத்தாள்.

வாந்தி ஓட்டத்தால் மட்டும் வரவில்லை. அதுதான் எங்கள் ஊர் லட்சணம். பாவம் ஓடி வருகிறாளே என்று ஒவ்வொரு வாசலிலும் ஒருத்தி சுடச்சுட வெல்லத் தண்ணீரில் சீஸ் துண்டைப் போட்டுக் கையில் கொடுத்தாள். வேண்டாம் என்றால் எங்களிடம் அது சண்டை. இவளும் வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவள். பத்து வாசல் ஓடினால் பத்துக் கிண்ணம் உள்ளே போனது. கடைசியில் நான்தான் ஞாயிறு பூசை விட்டதும் எல்லோரையும் நிறுத்திச் சொன்னேன்.

"அவளுக்கு யாரும் ஒண்ணும் குடுக்காதீங்கடி. அவ ஓடுறாளா, உருளுறாளா?"

"எங்க வீட்டு சீஸ் என்ன, எலி கடிச்சதா?" என்று ஃப்ளோர் ஆல்பா முகத்தைத் தூக்கினாள்.

"எலி கடிச்சாக்கூடப் பரவால்ல, கொஞ்சம் கொறையும்."

ஒரு வாரம் அவள் என்னோடு பேசவில்லை. அப்புறம் பெண்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சீஸையும் ரொட்டியையும் பையில் போட்டு வண்டிக்குள் தொங்கவிட்டார்கள், ரோசல்பினா வீட்டுக்குப் போய்ச் சாப்பிடட்டும் என்று. பை வீட்டுக்குப் போகவே இல்லை. காம்போ எலியாசுக்குத்தான் தொப்பை போட்டது.

ஈஸ்டருக்குள் அவள் வண்டியை முந்திக்கொண்டு வர ஆரம்பித்தாள். முதலில் சமநிலத்தில், அப்புறம் எங்கள் வீட்டு ஏற்றத்திலும். தூரத்தில் இன்ஜின் சத்தம் கேட்கும், அதற்கு முன்னால் பீட்ரூட் மாதிரி ஒரு முகம் தெரியும்.

ஜூனில் டிரைவர்கள் சீட்டுக் குலுக்கினார்கள். மாதாவை ஏற்றுகிற பாக்கியம் இந்த வருஷம் காம்போ எலியாசுக்கு விழுந்தது. வருஷக்கணக்காக அவன் கேட்டுக்கொண்டிருந்த வரம். தொப்பையோடு உட்கார்ந்து அழுதான். அழுது முடித்தபிறகுதான் ரோசல்பினா ஞாபகம் வந்தது. என் வாசலில் வைத்தே பேசினான்.

"உனக்காக மாதாவ நிறுத்தி வைக்க முடியாது, ரோசல்பினா. சாமி பக்கத்துலயே உக்காந்திருப்பாரு."

"நிறுத்தச் சொல்லி உன் கால்ல விழுந்தேனா?"

"விழமாட்ட. அதான் முன்னாடியே சொல்றேன்."

"நீ மெதுவா ஓட்டுனன்னு மட்டும் கேள்விப்பட்டேன், மறுநாள் பால உன் தலையில கவுத்துருவேன்."

"ரெண்டு பேரும் கொஞ்சி முடிச்சாச்சுன்னா என் கேன எடுங்க, வெயில் ஏறுது," என்றேன்.

திருநாளன்று வளைவுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். முதலில் எலும்பும் தோலுமான பையன்கள் வந்தார்கள். அப்புறம் பள்ளிக்கூடத்துப் பெண்கள். அப்புறம் தொப்பைகள். மிசாயெல் ஒவ்வொரு பேராகச் சொல்லிக்கொண்டிருந்தான். கீழேயிருந்து ஹாரன் சத்தம் கிளம்பியது. பவனி ஏறத் தொடங்கிவிட்டது, இவளைக் காணோம்.

மேட்டில் நடந்ததைக் காம்போ எலியாஸ் பிறகு சொன்னான். ஓரத்தில் ஓட்டக்காரர்கள் மூன்று பேர் ஏற்கெனவே முட்டி போட்டிருந்தார்கள். அதில் ஒன்று அவளாக இருக்குமோ என்று எட்டிப் பார்த்தானாம். இல்லை. அடுத்த திருப்பத்தில் அவள் முதுகு தெரிந்திருக்கிறது. இவன் கால் தானாகவே தளர்ந்துவிட்டது.

"ஏம்பா இழுக்குது வண்டி?" என்றாராம் சாமி. "அமுக்கு, பூசைக்கு நேரமாச்சு."

அமுக்கினான். தனக்குப் பின்னால் உறுமுவது எந்த இன்ஜின் என்று அவளுக்குத் தெரியாதா? ஆனால் திரும்பவில்லை. திரும்பி மாதாவைப் பார்த்துவிட்டால் முட்டி போடவேண்டும். அந்தக் கள்ளி ஒருதடவைகூடத் திரும்பவில்லை.

சதுக்கத்தில் மணி அடித்தது. மாதா வருகிறாள் என்றதும் கூட்டம் மொத்தமும் முட்டி போட்டுத் தலையைக் குனிந்தது. மிசாயெல் மைக்கை மேசையில் வைத்து, தொப்பியைக் கழற்றி, கண்ணை மூடிக்கொண்டான். நேரம் குறிக்கிற பெண்ணும் கண்ணை மூடிக்கொண்டாள். நான் மட்டும்தான் நின்றேன். என் முட்டி மடங்காது, மாதாவுக்கும் அது தெரியும்.

அதனால் அவள் வந்ததை நான் ஒருத்திதான் பார்த்தேன். வாயைப் பிளந்துகொண்டு, எச்சில் வழிய, கையை மடக்கி மடக்கி வீசிக்கொண்டு வந்தாள். வளைவு இன்னும் நின்றது. அடியில் நுழைந்தாள். இடதுபக்கம் பார்த்தாள், வலதுபக்கம் பார்த்தாள். எல்லாம் குனிந்த தலைகள். அப்போதுதான் பின்னால் மாதா இருப்பது நினைவுக்கு வந்திருக்கவேண்டும். அங்கேயே, வளைவுக்கு நட்டநடுவில், தொப்பென்று முட்டி போட்டுவிட்டாள்.

மாதா வண்டி கிறீச்சென்று நின்றது. அதற்குப் பின்னால் பஸ் நின்றது, லாரி நின்றது, ஏன் நின்றோம் என்று தெரியாமல் மேடு முழுக்க ஹாரன் அடித்தது.

"ஏ மிசாயெல்! ஆள் வந்துட்டா, பேரப் படி!" என்று கத்தினேன்.

அவன் ஒரு கண்ணைத் திறந்தான். "மாதா வர்ற நேரத்துல என்ன சத்தம், தோன்யா?"

"மாதாவுக்கு அவசரமில்ல, இவளுக்குத்தான். படிடா!"

அவள் நெஞ்சில் குத்தியிருந்த எண்ணைப் பார்த்து, தாளைத் தேடிப் படித்தான். "ரோசல்பினா திபாதுய்சா. ரின்கோன்." அதற்குள் இரண்டு பேர் அவளை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி ஓரமாக வைத்தார்கள். மாதா உள்ளே வந்தாள்.

பூசை முடிந்து அரேப்பா என்கிற சோள ரொட்டி சுடுகிற கடையில் அவளைப் பிடித்தேன். வாய் நிறையத் தின்றுகொண்டிருந்தாள். என் கையைத் தொட்டு மெதுவாகக் கேட்டாள்.

"நல்லாச் சொன்னானா, தோன்யா?"

"என்னடி கேக்குற? நீதான அங்க இருந்த?"

"மூச்சு வாங்குனதுல காது அடைச்சிருச்சு. கொய்ங்குன்னு ஒரே சத்தம். அப்புறம் ஹாரன் வேற." கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். "பரவால்ல. சொன்னான்ல, அது போதும்."

போதுமாம். மாதா முகத்துக்கு நேரே கத்திவிட்டு வந்திருக்கிறேன், போதுமாம். நேராக மிசாயெலிடம் போனேன். தொலைந்துபோன தொப்பி ஒன்றைப் பற்றி மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தான்.

"அவ பேர இன்னொருதடவை படி."

"ஓட்டம் முடிஞ்சு எவ்வளவு நேரமாச்சு, இப்பப் போயி..."

"நீ எனக்கு வித்த கம்பளி ஒரே தண்ணியில கைக்குட்டையா சுருங்குச்சே, அந்தக் கதைய நான் இதுல சொல்லட்டுமா? குடு மைக்க."

மைக்கை மார்போடு அணைத்துக்கொண்டான். தொண்டையைச் செருமினான். பயல் நன்றாகத்தான் படித்தான், ஒவ்வோர் எழுத்தாக: "ரின்கோனைச் சேர்ந்த ரோசல்பினா திபாதுய்சா. மாதா வண்டிக்கு முன்னால் வந்து சேர்ந்தவர். இவருக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர்."

அரேப்பா கடைப்பக்கம் பார்த்தேன். மெல்லுவதை நிறுத்திவிட்டு, ஒலிபெருக்கி கட்டியிருந்த கம்பத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரும்மா அது?" என்று பக்கத்தில் நின்ற டவுன்காரி ஒருத்தி கேட்டாள்.

வாயில் இருந்ததை முழுங்கக்கூட இல்லை, "நான்தான்" என்றாள்.